என் அடக்கத்துக்கு நான் போட்ட ஃபோன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டுவிட்டேன். சிலுவை போட்டுக்கொண்டு பேனாவைத் திறப்பேன். நாலு வரி எழுதுவதற்குள் சிரிப்பு வந்துவிடும். சிரித்த மறு நிமிஷம் வெட்கமாகிவிடும். மனிதர்கள் செத்துப்போன விஷயத்தில் இவனுக்குச் சிரிப்பு வருகிறதே என்று ஆண்டவர் நினைப்பாரோ என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டிய கதையை இந்தத் தொடரில் எழுதினேன். லாரிக்குள் காட்டெருமை தலையை விட்ட கதையை எழுதினேன். இதை மட்டும் சுற்றிக்கொண்டே போனேன். வாசகர்கள் சிலர், "செத்துப் பிழைத்தவர் நீங்கள்தானே?" என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். இல்லை. நான் சாகவே இல்லை. அதைச் சொல்லவாவது இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

எந்த விமானம், எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எங்கள் மலைக்குக் கீழே சமவெளியில், ஒரு மார்கழி விடியலில் நடந்தது. ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

வெளியே வெள்ளை

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. சோற்றுப் பானையின் மூடியைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியுமே, அந்த வெள்ளை.

"மிஸ்ட்டுங்க," என்றேன் பக்கத்து சீட்காரரிடம். எனக்குத் தெரிந்த ஒன்று கடைசியில் வந்துவிட்டதே என்று சந்தோஷம்.

அதுவரை அந்தப் பயணத்தில் எனக்குத் தெரிந்தது எதுவும் வரவில்லை. என் மகள் அரபு நாட்டில் நர்ஸ். அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று டிக்கெட் அனுப்பியிருந்தாள். போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பெல்ட் மாட்டத் தெரியவில்லை. கக்கூஸ் கதவைத் திறக்கத் தெரியாமல் வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே ஆள் இல்லாமலே. ஆனால் பனிமூட்டம் எனக்குத் தெரியும்.

"எங்க ஊர்ல இதைவிட மோசமா எறங்குங்க. லாரி பானட்டே கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் சத்தம் பாறையில பட்டுத் திரும்பறதை வெச்சே நான் வளைவு ஒடிச்சிருக்கேன்."

"அப்ப முன்னால போயி அந்த பைலட்டுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்ணா," என்றார் அவர். "மனுசன் ரொம்ப நேரமாச் சுத்திட்டே இருக்காரு. பஸ் ஸ்டாண்டுல எடம் கெடைக்காத டவுன் பஸ்ஸு மாதிரி."

அவர் பெயர் வேலுச்சாமி. காங்கயத்துக்குக் கிழக்கே ஒரு ஊர். அரபு நாட்டில் தண்ணீர் லாரி ஓட்டியவர். போதும் என்று மொத்தமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் தண்ணீர் லாரி, நான் கொழுந்து லாரி. ஏறின நேரத்திலிருந்து டயர், டீசல், முதலாளி என்று பேசி முடித்து, சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

"இனி என்னங்க பண்ணுவீங்க?"

"ஆடு வாங்கறேனுங்க. ஆட்டுக்குக் கிளட்ச்சு, பிரேக்கு ஒண்ணும் கெடையாது பாருங்க. நம்ம பாட்டுக்குப் பின்னால நடந்தாப் போதும்."

சிரித்தார். சிரிக்கும்போதே பல் கிட்டித்தது. அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். விமானத்துக்குள் ஏசி எங்கள் ஊர் டிசம்பரைவிடக் கொடுமையாக அடித்தது. என் மடியில் ஸ்வெட்டர் சும்மா கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

பச்சையில் மஞ்சள் பட்டை

அந்த ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி லூர்துமேரி பின்னியது. பாலைவனத்துக்குப் புறப்பட்டவனின் பெட்டியில் அதை மேலாக வைத்தாள். "அம்மா, இங்க வெயிலு கொளுத்துது," என்று மகள் ஃபோனில் கத்தினாள். "கொளுத்தட்டும். ஸ்வெட்டர் இல்லாம ஒரு ஆம்பளையை எப்படிடி வெளியூருக்கு அனுப்பறது? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள் இவள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. குன்னூருக்குக் கீழே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் வருஷத்தில் பாதி நாள் எதிரே வருகிறவரின் முகம் தெரியாது. நிறம்தான் தெரியும். பனிக்குள் சிவப்பு வந்தால் ரேஷன் கடை ஜோசப். ஊதா வந்தால் டீச்சரம்மா. தூரத்திலேயே நிறத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிடுவோம். ஒரு வீட்டு நிறத்தை இன்னொரு வீட்டில் பின்னுவதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் பின்னினால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஒரு தடவை ஜோசப் மாமனார் வீட்டுச் சீதனமாக நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தான். அவன் வீட்டு நாயே அவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் குரைத்தது.

கல்யாணமானதிலிருந்து நான் பச்சையில் மஞ்சள் பட்டை. முழங்கை கிழிந்தால் லூர்துமேரி அதே நூலில் மறுபடி பின்னுவாள்.

வேலுச்சாமி அதைப் போட்டுக்கொண்டு கைகளைத் தேய்த்தார்.

"கதகதன்னு இருக்குதுங்ணா. ஆரு பின்னுனது?"

"ஊட்டுக்காரிதானுங்க."

"எம் பழனியம்மாளுக்கு இந்த மாதிரியெல்லாம் வராது. அவளுக்குத் திட்டத்தான் வரும்."

விமானம் இறங்கியது. இறங்கின வேகத்தில் உறுமிக்கொண்டு மறுபடி மேலே போனது. கியர் விழாத லாரி மேட்டில் உறுமுவது மாதிரி. பிள்ளைகள் அழுதன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கியது. முன் சீட்டில் ஒருவர் வழக்கப்படி எழுந்து மேலேயிருந்து பையை எடுக்க, பணிப்பெண் உட்காரச் சொல்லிக் கத்தினாள். இன்னொருவர் ஃபோனில், "எறங்கியாச்சு, காரை எடுத்துட்டு வா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

நான் ஜெபமாலையை எடுத்தேன். வேலுச்சாமி கண்ணை மூடிக் குலசாமியைக் கூப்பிட்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "நீங்க உங்க சாமியக் கூப்புடுங்ணா, நான் எங்க சாமியக் கூப்புடறேன். ஆருக்காவது ஒருத்தருக்கு லைன் கெடைக்கட்டும்," என்றார்.

அப்போதும் ஜன்னலில் வெள்ளைதான். தரை கடைசி வரை தெரியவே இல்லை.

அடி விழுந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சு இழுத்த சத்தம். பிறகு என் ஞாபகத்தில் இருப்பது நசுங்கிய சோளத்தட்டின் வாசனையும், எங்கேயோ ஒரு சேவல் கூவியதும்தான். "வேலுச்சாமி," என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. பதில் ஞாபகம் இல்லை.

கட்டிலில் வேறு பெயர்

கண் விழித்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கால் ஒரு கம்பியில் தொங்கியது. வலது கையில் மாவுக்கட்டு. தலையிலும் பாதி முகத்திலும் துணி.

"வேலுச்சாமி அண்ணா, முழிச்சிட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

"நான் வேலுச்சாமி இல்லீங்க சிஸ்டர்."

"சரி சரி. தலையில அடிபட்டா அப்படித்தான் இருக்கும்," என்று ஊசி போட்டுவிட்டாள். மறுபடி தூங்கிவிட்டேன்.

அடுத்த முறை விழித்தபோது விஷயம் புரிந்தது. என் பை எங்கோ சோளக்காட்டில் போய்விட்டது. மயக்கத்தில் நான் ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பாவம், அவர்கள் அதையே பலகையில் எழுதித் தலைமாட்டில் மாட்டிவிட்டார்கள்.

அந்தப் பலகையை நம்பி ஒரு பெண் வந்தாள். துணிப்பையில் சலவை வேட்டியும் சட்டையும் வைத்திருந்தாள். ஓடி வந்தவள் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த ஒரு பாதத்தைப் பார்த்தாள்.

"இது அவுரு காலு இல்லீங்க," என்றாள்.

நர்ஸுக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் சொன்னேன்: "அம்மிணி, நான் சவரிமுத்துங்க. வேலுச்சாமி எம் பக்கத்து சீட்டு."

"அப்ப அவுரு எங்கீங்க? செத்தவிங்களை வெச்சிருக்கற எடத்துல அவுரு இல்லீங்க. ஒவ்வொருத்தரையாக் காட்டுனாங்க, நான் பாத்துட்டேன். அங்க இல்லீன்னா இங்கதான இருக்கோணும்?"

பழனியம்மாள்தான் அது என்று அப்போது புரிந்தது. அவருக்குக் குளிர் எடுத்ததையும் ஸ்வெட்டர் கொடுத்ததையும் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருங்ணா. என்ன நெறமுங்க அது? நான் அதைச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன்."

"பச்சை அம்மிணி. குறுக்கே மஞ்சப் பட்டை."

அவள் வார்டு வார்டாகப் போனாள். வராந்தாவில் அவள் குரல் கேட்டுக்கொண்டே போனது: "ஏனுங்க, பச்சை ஸ்வெட்டர் போட்டவரு ஆராச்சும் வந்தாங்களா?"

இறக்கை வைத்த படம்

வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று நர்ஸிடம் லூர்துமேரி நம்பரைச் சொன்னேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் தம்பி அந்தோணியின் நம்பரும் அப்படியே.

நர்ஸ் என் பெயரையும் எஸ்டேட் பெயரையும் தன் ஃபோனில் தட்டித் தேடினாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"அண்ணா... இது நீங்களா?"

கண்ணீர் அஞ்சலி பேனர். நடுவில் நான், திருவிழாவில் மைக் பிடித்து வாயைத் திறந்திருக்கும் படம். இரண்டு தோளிலும் இறக்கை வரைந்திருந்தார்கள். கீழே அந்தோணி கைகூப்பி நின்றான். அவன் படம் என் படத்தைவிடப் பெரிது. இன்று பிற்பகல் நல்லடக்கம் என்று போட்டிருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் படத்தைத் தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

பிறகுதான் உறைத்தது. அடக்கம் என்றால் பெட்டிக்குள் யாரோ இருக்க வேண்டும். நான் என்று நம்பி யாரைக் கொண்டுபோனார்கள்? அடையாளம் காட்ட அந்தோணிதான் வந்திருப்பான், அவன் எதைப் பார்த்தான்?

வராந்தாவின் கோடியில் பழனியம்மாள் இன்னும் பச்சை ஸ்வெட்டரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. மண்ணைப் போட்டு மூடிவிட்டால், பிறகு தோண்டுவதற்கு அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ் என்று எவ்வளவு காலம் ஆகுமோ. அதுவரைக்கும் இவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவாள். அவர் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் என் பெயர் எழுதின சிலுவைக்குக் கீழே கிடப்பார். யார் ஃபோனாவது எடுத்தாக வேண்டும்.

யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு நானே காரணம்.

கோயில் வாசலில் வாளி

ஒரு முறை எங்கள் கோயிலில் அடக்கப் பூசையின் நடுவே ஒருவர் சட்டைப் பையிலிருந்து சினிமா குத்துப்பாட்டு கிளம்பியது. அவர் அணைக்கத் தெரியாமல் பையோடு அமுக்க, பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. அன்றிலிருந்து கோயில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்துவிட்டேன். ஃபோனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசை வைக்கும் சாமியாரின் ஃபோனுக்கும் அதே விதி. வாளிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

என் அடக்கத்தன்று அந்த வாளியின் பக்கத்தில் நான் இல்லை. ஆனாலும் ஒரு ஃபோன்கூட உள்ளே போகவில்லையாம். "இன்னிக்காவது அவரு சொன்னதைக் கேப்போம்," என்று வரிசையில் நின்று போட்டார்களாம். வாளி நிரம்பி, சாமியார் வீட்டு அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்களாம்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வேறு நம்பர் ஒன்றே ஒன்று. டீ ஃபேக்டரியின் பழைய லைன். லாரி வழியில் நின்றால் அதற்குத்தான் கூப்பிடுவோம். நர்ஸ் அடித்துக் கொடுத்தாள். என் கையில் மாவுக்கட்டு, அதனால் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ, ஃபேக்டரிங்க." கிளார்க் போஜன். ஆபீஸைப் பூட்டக் கூடாதென்று அவனை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"போஜா, நான் சவரிமுத்து பேசறேன்."

"சவரிமுத்து அண்ணன் அடக்கத்துக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க. நாளைக்குக் கூப்புடுங்க."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தோம்.

"வெக்காதே போஜா! நான்தான்டா சவரிமுத்து. கொழுந்து லாரி."

டீ உறிஞ்சிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அண்ணா... எங்கிருந்து பேசறீங்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்து."

"அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்குதுங்களா?"

"டேய், நான் சாகலை. பொட்டியில இருக்கறது வேற ஆளு."

"அப்ப நேத்துலேருந்து நாங்க அழுதது?"

"அதை அப்பறம் பேசிக்கலாம். ஓடிப்போய் அடக்கத்தை நிறுத்து."

"நான் போய்ச் சொன்னா நம்புவாங்களா அண்ணா? குடிச்சிட்டு வந்திருக்கான்னு குழியில என்னைத் தள்ளிருவாங்க. இப்பத்தான் பொட்டியத் தூக்கிட்டாங்க போல, பாட்டு கேக்குது."

எனக்கும் ஸ்பீக்கர் வழியாக லேசாகக் கேட்டது. எனக்குப் பிடித்த மாதா பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே பாடினார்கள்.

அப்போது ஆண்டவர் எனக்கு ஒரு யோசனை கொடுத்தார்.

"போஜா, சங்கை ஊது."

நேரம் தப்பிய சங்கு

எங்கள் ஃபேக்டரிச் சங்கு வேலை தொடங்கவும் முடியவும் ஊதும். நேரம் தப்பி ஊதினால் நெருப்பு. என் வாலிப காலத்தில் ஒரு முறை இலை உலர்த்தும் அறை பற்றிக்கொண்டு, பாதி ஃபேக்டரி போய், எல்லாருக்கும் மாதக்கணக்கில் வேலை இல்லாமல் போனது. அதிலிருந்து நேரம் தப்பிச் சங்கு ஊதினால் எவரும் எதையும் யோசிப்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாளியோடு ஓடுவோம். ஒரு கல்யாணத்தில் தாலியைக் கையில் பிடித்தபடியே மாப்பிள்ளை ஓடியிருக்கிறான். பெண்ணும் பின்னால் ஓடினாள், குடத்தோடு.

"நெருப்பில்லாம ஊதுனா மேனேஜர் என்னை வேலைய உட்டே தூக்கிருவாரு அண்ணா."

"செத்தவன் சொல்றேன், ஊதுடா!"

ஊதினான். ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பாட்டு நின்றது. பிறகு தடதடவென்று கால்கள். வாளிகள் மோதும் சத்தம். கல்லறைத் தோட்டத்து வழியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பனிக்குள் மொத்த எஸ்டேட்டும் இறங்கி ஓடி வந்தது. சாமியாரும் வந்துவிட்டார், கையில் தீர்த்த வாளியோடு. யாரோ அதையும் வாங்கி நெருப்பைத் தேடினார்களாம்.

"எங்கடா நெருப்பு?"

"நெருப்பில்லீங்க, ஃபோனு," என்றான் போஜன்.

அவன் மேல் ஒரு அறை விழுந்தது நன்றாகக் கேட்டது. பிறகு அந்தோணியின் குரல்.

"எவன்டா அவன், செத்த மனுசன் பேரைச் சொல்லி வெளையாடறது?"

"அந்தோணி, மூஞ்சியப் பாத்தியாடா?"

கல்யாணமான நாள் முதல் அவனை நான் அதட்டும் குரல் அது. வேறு யாருக்கும் வராது.

"மச்சான்?"

"மூஞ்சியப் பாத்தியான்னு கேட்டேன்."

"ஸ்வெட்டரைப் பாத்தேன் மச்சான்."

"மூஞ்சி?"

"கட்டுப் போட்டிருந்துச்சு. பிரிச்சுப் பாருங்கன்னாங்க. ஸ்வெட்டரைப் பாத்ததுக்கு அப்பறம் மூஞ்சியப் பாக்க எனக்கு மனசு வரலை. அக்கா பின்னுனதுதானே மச்சான்? பச்சை. மஞ்சப் பட்டை. வேற ஆரு போடுவாங்க?"

நர்ஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் நானும் தலையைத் திருப்பினேன். பழனியம்மாள் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

அங்கே லூர்துமேரி ஃபோனைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா?"

"நான்தான் மேரி."

"அந்த ஸ்வெட்டரை எதுக்குங்க அடுத்தவிங்களுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

அவ்வளவுதான். அங்கே ஆரவாரம் கிளம்பிவிட்டது. கைதட்டுகிறார்கள், விசிலடிக்கிறார்கள், "மரியே வாழ்க" என்கிறார்கள், வாளியைத் தட்டுகிறார்கள். திருவிழாவில்கூட அப்படிக் கேட்டதில்லை. நான் சாகவில்லை என்பதற்காக அத்தனை பேர் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சத்தம் முழுக்க ஸ்பீக்கர் வழியாகப் பழனியம்மாள் மேல் கொட்டியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்!" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

அவள் நர்ஸ் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"ஏனுங்க," என்றாள். "இப்ப அவுரு பக்கத்துல ஆருங்க இருக்கீங்க?"

லூர்துமேரிக்குக் கேட்டது. அவள் முன்னால் நின்றவர்களைக் கையமர்த்தினாளாம். அவர்கள் அடங்கினார்கள். அது பின்னால் பரவி, எல்லாரும் அடங்கினார்கள். யாரும் இல்லை. சாமியார்கூட இல்லை. வேலுச்சாமியைப் பனிக்குள் பாதையோரத்தில் வைத்துவிட்டு மொத்தப் பேரும் ஓடி வந்திருந்தார்கள்.

"இதா போறேன் அம்மிணி," என்றாள் லூர்துமேரி. ஃபோனை வைக்கக்கூட இல்லை. அவள் செருப்புச் சத்தம் மேட்டில் ஏறிப் போவது எனக்குக் கேட்டது. கொஞ்சம் விட்டு, மற்ற செருப்புகளும்.

என்ன முறை?

அதற்குப் பிறகு நடந்தது நான் பார்த்ததில்லை, லூர்துமேரி சொன்னது. அன்றைக்கே அதிகாரிகள் வந்து பார்த்து, எழுதி, உண்மையை உறுதி செய்தார்கள். மறுநாள் வேலுச்சாமியை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மலை இறங்கியபோது எஸ்டேட் லாரியும் பின்னால் இறங்கியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அழுத பெண்கள் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். பாட்டுக் குழுவும் ஏறியது. தோண்டின குழியை வெறுமனே விடக் கூடாது என்று யாரோ பயமுறுத்த, அந்தோணி மட்டும் பின்தங்கி, எனக்கென்று வாங்கின மாலைகளை அதில் போட்டு மூடிவிட்டு, பஸ் பிடித்து வந்தான்.

காங்கயத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பயந்தே போனார்கள். கொளுத்தும் வெயிலில் ஒரு லாரி நிறையப் பேர் பல நிற ஸ்வெட்டரோடு இறங்கினால் பயம் வராதா? இறங்கினவர்கள் நேராகப் போய் அவரைச் சுற்றி உட்கார்ந்து, பழகின சாவு மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ஊரில் சாவு என்றால் யார் எங்கே உட்காருவது, யார் எதைச் செய்வது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம். ஒரு பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு லூர்துமேரியிடம் வந்தார்.

"அம்மிணி, நீங்கெல்லாம் ஆருங்க? செத்தவருக்கு என்ன முறை வேணுமுங்க?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாளாம்:

"நேத்தெல்லாம் எங்கூட்டு ஆளா இருந்தாருங்க."

பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பழனியம்மாள் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

சாட்சி

கால் சரியானதும் ஜெபக்கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்று மைக்கில் சொல்ல வேண்டுமாம். தினமும் முழங்காலில் நின்று அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் மைக்கில் சொன்னால், கேட்கிற இடத்தில் பழனியம்மாள் உட்கார்ந்திருந்தால், "அப்ப எங்கூட்டுக்காரரை?" என்று அவள் கேட்டால்? எனக்குப் பதில் தெரியாது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன் நான். படித்த சாமியாரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நான் சொல்லாததால் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஃபோனில் சுற்றுகிற ஒரு கதையில் பெட்டி ஆடுகிறது, நான் எழுந்து உட்கார்கிறேன். இன்னொன்றில் சங்கு தானாக ஊதுகிறது. ஒன்றில் நான் பெட்டிக்குள்ளிருந்தே ஃபோன் செய்கிறேன், டவர் நன்றாகக் கிடைக்கிறது. என் சொந்த மகளுக்கே அதை யாரோ அனுப்பி, பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

எல்லாக் கதையிலும் நான் இருக்கிறேன். ஒன்றில்கூட அவர் இல்லை.

போன மாதம் பழனியம்மாளைக் கூப்பிட்டேன். இப்போது ஆடு வளர்க்கிறாள். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. பத்திரிகையில் எழுதட்டுமா, சிரிப்பாக இருக்கும் இடத்தை எல்லாம் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குங்ணா எடுக்கறீங்க? அவுரே நல்லாச் சிரிக்கறவருதான். சனங்க சிரிக்கட்டும். பேரை மட்டும் உட்டுறாதீங்க."

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொன்னால், நான் எழுதினபடியே சொல்லுங்கள். அழகுக்காக எதையும் சேர்க்க வேண்டாம், நீளமாக இருக்கிறதென்று எதையும் வெட்ட வேண்டாம். பெட்டியிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை. அதில் வேலுச்சாமி இருந்தார்.